வெப்சைட்டுக்கு ஆறு பக்கம்

"நெட்ல தேடிப் பார்த்தேன். நீங்க இல்லையே" என்றார் பல் டாக்டர் அம்மா.

இதைச் சொன்னபோது அவர் நின்றுகொண்டிருந்தது ஒரு சோபா ரிப்பேர் கடையின் நடுவில். யாரைப் பார்த்துச் சொன்னாரோ அவர், கையில் சுத்தியலும் வாயில் நாலைந்து ஆணிகளுமாக எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கண் முன்னால் இருக்கிற மனிதரைப் பார்த்து இல்லை என்று சொன்னால் அவர் என்ன செய்ய முடியும்? தத்துவம் படித்தவராக இருந்தால் தடிமனாக ஒரு புத்தகம் எழுதுவார். நம்மவர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இருக்கேனே" என்றார்.

"இங்க இருக்கீங்க. நெட்ல இல்லை. பக்கத்து வீட்டம்மா வழி சொன்னாங்க, வந்தேன். இல்லேன்னா வேற யார்கிட்டயாவது போயிருப்பேன்."

தன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கான சோபாவைக் காட்டிவிட்டு, துணி பூப்போட்டதாக இருக்க வேண்டும், பல் வலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டுமே என்று காரணமும் சொல்லிவிட்டு, டாக்டர் போய்விட்டார். 'வேற யார்கிட்டயாவது' மட்டும் போகவில்லை. அது கடையிலேயே தங்கிவிட்டது.

தெருவில் இவருக்கு ஸ்பிரிங் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் பத்திரங்களில் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுக்கும் அவசியம் வருவதில்லை. ஸ்பிரிங் என்ற பெயருக்குத் தொழில் பாதிக் காரணம், சுபாவம் மீதிக் காரணம். எதையாவது சொல்லி இவரை அழுத்தினால் கொஞ்ச நேரம் அமுங்கியிருப்பார். பிறகு எந்தத் திசையில் எவ்வளவு உயரம் எழும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த முறை அவர் எழும்பிப் போய் விழுந்த இடம், மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்த ஒரு சின்ன அறை. அங்கே ஒரு பெண் வெப்சைட் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பிளான் வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் வெப்சைட்காரப் பெண்.

"பிளான் எதுக்கு மேடம்? நீங்கதானே போடப் போறீங்க?"

"நான் போட்டுடுவேன். போட்டு முடிச்சப்புறம் நீங்க வந்து இதைத் தூக்கு, அதை மாத்துன்னு சொல்வீங்க. நீங்க துணியை வெட்டினதுக்கு அப்புறம் ஒருத்தர் வந்து, சோபா அளவை மாத்திட்டேன்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அந்த ஒரு கேள்வியில் ஸ்பிரிங் அவருக்கு அடிமையானார். அளவை மாற்றியவர்கள் பலருடைய முகம் அவர் மனக்கண்ணில் வந்து போயிற்று.

"மூணு விஷயம் யோசிச்சுட்டு வாங்க" என்றார் அந்தப் பெண். "இந்த வெப்சைட் யாருக்காக? பார்க்க வர்றவங்க என்ன தெரிஞ்சுக்க வருவாங்க? அப்புறம், மொத்தம் எத்தனை பக்கம் வேணும், எந்தப் பக்கத்துல என்ன வரணும்? எழுதியோ வரைஞ்சோ எப்படியோ கொண்டு வாங்க. அதுக்கப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம்."

முதல் இரண்டு கேள்விகளும் ஸ்பிரிங்கின் காதோரமாகப் போய்விட்டன. மூன்றாவது நேராக நெஞ்சில் போய் உட்கார்ந்தது. எத்தனை பக்கம்? அட, இது அவருடைய கேள்வி அல்லவா. தொழிலுக்கு வந்த நாள் முதலாக வாடிக்கையாளர்களிடம் அவர் கேட்டு வருவதே அதைத்தானே. எத்தனை பக்கம் துணி மாற்ற வேண்டும்? முன்பக்கம் மட்டுமா, கைப்பிடிப் பக்கங்களும் சேர்த்தா? சுவரோடு ஒட்டி நிற்கும் பின்பக்கத்தைப் பழைய துணியோடு விட்டுவிடலாமா? வெப்சைட் என்பது என்னவோ ஏதோ என்று பயந்திருந்தவருக்கு, அதுவும் சோபா ஜாதிதான் என்று தெரிந்ததில் பெரிய நிம்மதி. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார்.

கடை இரண்டு அறைகள் கொண்டது. முன்னறையில் ஸ்பிரிங்கும், துணி உரிக்கப்பட்டு மரமும் சாக்குமாக நிற்கும் சோபாக்களும். பின்னறையில் அவர் மனைவியும் தையல் மிஷினும். நடுவில் ஒரு பழைய திரை தொங்குகிறது. முன்னறைக்கு வருகிறவர்களுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். ஓட்டுகிறவர் யார் என்று தெரியாது. சோபாவின் மரச் சட்டம், ஸ்பிரிங், பட்டை, ஆணி எல்லாம் கணவர் பாடு. உறை தைப்பது மனைவி பாடு. பூப்போட்ட துணியில் இரண்டு மெத்தைகள் சேரும் இடத்தில், இந்த மெத்தையின் பூவும் அந்த மெத்தையின் பூவும் ஒரே பூவாகச் சேரும்படி அவர் தைப்பார். அப்படித் தைக்கிறவர்கள் அந்தப் பகுதியில் வேறு யாரும் இல்லை. இது ஸ்பிரிங்குக்கும் தெரியும். தெரிந்ததை வாயால் சொல்லும் வழக்கம் மட்டும் அவருக்கு ஏற்பட்டதில்லை.

"ஏம்மா, நாம வெப்சைட் போடப் போறோம்" என்றார் திரையை விலக்கி.

மிஷின் நிற்கவில்லை. "யாரு நாம?"

"நாமதான். கடை" என்றவர், மாடிப் பெண் பிளான் கேட்டதையும் அவருடைய மூன்று கேள்விகளையும் அப்படியே ஒப்பித்தார்.

"சரி."

கொஞ்ச தூரம் தைத்துவிட்டு மனைவி சொன்னார்: "அக்கா மறுபடி போன் பண்ணினா."

இந்த அக்கா அடுத்த தெருவில் ஜன்னல் திரை தைக்கும் கடை வைத்திருப்பவர். கண்ணாடிக் கதவு போட்ட கடை. மிதிக்க வேண்டாத மோட்டார் மிஷின். தங்கையைக் கூட்டாகச் சேர்த்துக்கொள்ள அவருக்கு வெகுநாள் ஆசை. வந்தால் கடை போர்டில் தங்கையின் பெயரையும் எழுதிவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை இதுவரை ஆகட்டும், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார். இப்போது நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க பிளானை முடிங்க. அதுல நான் எங்க இருக்கேன்னு பார்த்துட்டு அக்காவுக்குப் பதில் சொல்லிக்கறேன்."

ஸ்பிரிங் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. ஸ்பிரிங்கும் நிறுத்திக்கொண்டார்.

அவர் இதை அலட்சியப்படுத்தினார் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். மனைவி போய்விட்டால் கடையில் மிஞ்சுவது மர எலும்புக்கூடுகளும், அவற்றுக்கு ஆணி அடிக்க ஒரு மனிதரும்தான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆகவே மனைவியை வெப்சைட்டில் எங்கே வைப்பது என்பதைப் பற்றி அவர் மிக ஆழமாக யோசித்தார். இவ்வளவு ஆழத்துக்கு இறங்கியதுதான் வினையாயிற்று.

யாரும் எடுக்க வராமல் உரித்தபடி கிடந்த ஒற்றை ஆள் சோபா ஒன்றை முன்னறையின் நடுவில் இழுத்துப் போட்டார். பழுப்புக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, குண்டூசி டப்பாவோடு பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்திலும் என்ன வர வேண்டுமோ அதை எழுதி அந்தந்தப் பக்கத்திலேயே குத்திவிடுவது என்று ஏற்பாடு. பெரிய வேலைகளுக்குக் குழு அமைப்பது உலக வழக்கம் என்பதால், மனைவியின் தம்பியையும் வரவழைத்தார். தம்பி இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். தெரியாத விஷயம் என்று ஒன்று அவருக்கு இதுவரை அகப்படவில்லை.

"முதல்ல தொலைநோக்கு போடணும் மாமா" என்றார் ஏஜெண்ட். "பெரிய கம்பெனி எல்லாம் போடுது."

"எவ்வளவு தொலைவு?"

"அதாவது, இன்னும் பத்து வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

"இங்கதான். கட்டடக்காரர் காலி பண்ணச் சொல்லலேன்னா."

"அதை அப்படியே எழுதக் கூடாது மாமா." ஏஜெண்ட் கண்ணை மூடித் திறந்து எழுதினார்: உட்காரும் அனுபவத்தை அடுத்த நிலைக்கு உயர்த்துதல்.

ஸ்பிரிங் படித்துப் பார்த்தார். "உட்கார்றதை உயர்த்தினா எழுந்து நின்னுடுவாங்களே மாப்ளே."

"ஐயோ மாமா. அது ஒரு நடை."

"உட்கார வர்றவனுக்கு நடை எதுக்கு?"

தொலைநோக்கு, அப்போதைக்கு ஒரு காகிதத் துண்டாகவே ஏஜெண்டின் சட்டைப் பையில் போயிற்று. அடுத்தது 'எங்களைப் பற்றி'. அதற்கும் ஏஜெண்ட் தயாராக ஒரு வாசகம் வைத்திருந்தார்: இருக்கைத் துறையில் தனி முத்திரை பதித்தவர்கள் நாங்கள்.

"சோபாவுல முத்திரை பதிக்கிறது பூனைங்க மாப்ளே. அதைச் சரி பண்ணத்தான் நம்மகிட்ட வராங்க."

அந்த நேரம் கத்தரிக்கோல் எடுக்க வந்த மனைவி, தம்பியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எங்களைன்னா யார் யாரு?"

"அது மரியாதைக்கு அக்கா. ஒத்தை ஆளா இருந்தாலும் எங்களைன்னுதான் போடணும். அந்தக் காலத்துல ராஜாங்களே அப்படித்தான் பேசுவாங்க."

"ஓ. ராஜா ஒத்தை ஆளாத்தான் இருக்காரா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கத்தரிக்கோலோடு உள்ளே போய்விட்டார். குழு இதைக் குறித்துக்கொள்ளவில்லை.

வேலை மும்முரமாக நடந்தது. முன்பக்கத்தில் கடைப் பெயரும் போன் நம்பரும் வந்தன. வலது கைப்பிடிப் பக்கத்தில், பழுது பார்ப்பதற்கு முன், பழுது பார்த்த பின் என்று இரண்டு கட்டங்கள். இடது கைப்பிடிப் பக்கம் கட்டணத்துக்கு என்று ஒதுக்கப்பட்டு, நீண்ட விவாதத்துக்குப் பிறகு 'பார்த்துத்தான் சொல்ல முடியும்' என்று ஒற்றை வரி எழுதப்பட்டது. பின்பக்கம் சுவரைப் பார்ப்பது, யாரும் அதிகம் கவனிக்காதது. ஆகவே சொல்லச் சங்கடமானவற்றை எல்லாம் அங்கே தள்ளினார்கள்: மூட்டைப்பூச்சி உள்ள சோபாவைத் தொட மாட்டோம், கார் சீட் செய்வதில்லை, கொண்டுவந்து விட்டுவிட்டு வருஷக்கணக்கில் எடுக்க வராதவர்களின் நாற்காலியில் நாங்களே உட்கார்ந்துகொள்வோம். உட்காரும் இடமாகிய மேல்பக்கத்தில், சுத்தியலோடு ஸ்பிரிங்கின் போட்டோ வருவதாக முடிவாயிற்று.

"வர்றவங்க உங்க மேலேயே உட்காரணுமா மாமா?" என்று ஏஜெண்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"வாடிக்கையாளரைத் தாங்கறதுதான் நம்ம தொழில்" என்றார் ஸ்பிரிங். ஏஜெண்ட் அதையும் எழுதிக்கொண்டார்.

ஏஜெண்ட் போன பிறகு ஸ்பிரிங் தனியாக சோபாவின் எதிரே உட்கார்ந்தார். மனைவியின் இடம் இன்னும் பாக்கி. அவசரப்பட்டு எங்கோ ஒரு மூலையில் குத்துவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. சோபாவிலேயே முக்கியமான பக்கம் எது? பார்க்கிறவர்கள் முன்பக்கம் என்பார்கள். உட்கார்கிறவர்கள் மேல்பக்கம் என்பார்கள். தொழில் தெரிந்தவன் சோபாவைக் கவிழ்த்துப் பார்ப்பான். அடிப்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற பட்டைகள்தான் எல்லாப் பாரத்தையும் தாங்குகின்றன. அது தளர்ந்தால் மேலே எவ்வளவு பட்டுத் துணி போட்டும் பயனில்லை. ஸ்பிரிங் ஒரு நல்ல காகிதமாகப் பொறுக்கி, தன் கையெழுத்திலேயே சிறந்த கையெழுத்தில் எழுதினார்: 'தையல்: என் மனைவி. இவர் இல்லாமல் எதுவும் நிற்காது.' சோபாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தின் நட்டநடுவில், நான்கு மூலையிலும் குண்டூசி வைத்துக் குத்தினார். மறுபடி நிமிர்த்தி வைத்துவிட்டு, "ஏம்மா, கொஞ்சம் வாயேன்" என்று குரல் கொடுத்தார்.

மனைவி வந்தார். சோபாவை ஒருமுறை சுற்றி வந்தார். முன்பக்கம் படித்தார், கைப்பிடிகளைப் படித்தார், பின்பக்கத்துக்குப் போய் அதையும் விடாமல் படித்தார். போட்டோ வரப்போகிற இடத்தைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"இரு இரு. முக்கியமானதே இனிமேத்தான்." ஸ்பிரிங் சோபாவை அணைத்துத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். அது நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு வண்டு மாதிரி கிடந்தது. "படி."

மனைவி குனிந்து படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லா இருக்கு" என்றார். திருமணமானவர்களுக்குத் தெரியும், நல்லா இருக்கு என்பதில் பல வகை உண்டு. இது அவற்றில் எந்த வகை என்று ஸ்பிரிங்குக்கு உடனே தெரிந்துவிட்டது.

"பாரம் தாங்கற இடம்மா அது" என்றார் அவசரமாக.

"தெரியும். பல்லி, பூச்சி எல்லாம் அங்கதான் குடியிருக்கும்."

"அப்படி இல்லம்மா..."

"சோபாவைக் கவுத்துப் பார்க்கிறது ரெண்டே பேருதாங்க. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு, கம்மலைத் தொலைச்சவங்க."

பின்னறைக்குப் போய் மிஷினுக்கு உறை போட்டார். வேலை நாளில், வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில், அந்த மிஷினுக்கு உறை போட்டு ஸ்பிரிங் பார்த்ததில்லை. "நாளைக்கு அக்கா கடையைப் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார் மனைவி. "சும்மா பார்க்கத்தான்."

மறுநாள் காலை அவர் போனார். போகும்போது கோபமாக இருந்திருந்தால்கூட ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். அவரோ நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையில் தன் சொந்தக் கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு போனார். சும்மா பார்க்கப் போகிறவருக்குக் கத்தரிக்கோல் எதற்கு?

பல் டாக்டரின் சோபாவைக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கியிருந்தது. துணி வெட்டியாகிவிட்டது. தைப்பதுதான் பாக்கி. நேராகத் தைப்பதில் என்ன பெரிய சூட்சுமம் என்று ஸ்பிரிங் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். சூட்சுமம் இருந்தது. ஓரத்தில் வைத்துத் தைக்க வேண்டிய பைப்பிங் கயிறு, ஓடை மாதிரி வளைந்து வளைந்து தன் இஷ்டத்துக்குப் போயிற்று. ஒருவழியாக இரண்டு மெத்தைகளைத் தைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு மெத்தையில் தண்டு மட்டும் இருந்தது. அதன் பூ, பக்கத்து மெத்தையில் ஒரு சாண் கீழே, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பல் வலிக்காரர்கள் இதைப் பார்த்தால் வலியை மறக்க மாட்டார்கள். கூடவே கழுத்தும் வலிக்கும்.

அப்போது போன் அடித்தது. வழக்கமாக அதைப் பின்னறையில் மனைவிதான் எடுப்பார். முன்னறையில் சுத்தியல் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. ஸ்பிரிங் எடுத்தார்.

"அம்மா இல்லையா?" என்றது ஒரு குரல்.

"எந்த அம்மா?"

"உறை தைக்கிற அம்மா. துணி நான் வாங்கித் தர்றதா இருந்தா எவ்வளவு வாங்கணும்னு சொல்வாங்களே. பெரிய பூவா இருந்தா கூடக் கொஞ்சம் வாங்கணும்னு சொன்னாங்க. எவ்வளவு கூட?"

ஸ்பிரிங்குக்குத் தெரியவில்லை. வந்ததும் சொல்லச் சொல்கிறேன் என்றார். வைத்த சூட்டில் இன்னொன்று. துவைத்தால் துணி சுருங்குமா, முதலில் நனைத்துவிட்டுத் தைப்பீர்களா, அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள். அடுத்தது, பழைய உறையைக் கழற்றித் துவைக்கும்படி ஜிப் வைத்துத் தருவார்களாமே, அம்மா சொன்னார்களே. அதற்கடுத்து ஒரு பெண்மணி, கேட்ட எதற்கும் இவரிடமிருந்து பதில் வராததைக் கண்டு பரிதாபப்பட்டு, "நீங்க கடைக்குப் புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்று விசாரித்தார்.

நெட்டில் தேடினால் இவர் இல்லை. போனில் கேட்டால் புதிதாகச் சேர்ந்த ஆள். ஸ்பிரிங் நன்றாக அமுங்கினார். அமுங்கியவர் எழும்பித்தானே ஆக வேண்டும். பிளான் குத்தியிருந்த சோபாவைத் தூக்கி ஒரு தள்ளுவண்டியில் ஏற்றினார். இதற்கு ஒரு தீர்ப்பு சொல்லக்கூடியவர் இனி அந்த வெப்சைட்காரப் பெண் ஒருவர்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

மருந்துக் கடை மாடிப்படியின் திருப்பத்தில் சோபா சிக்கியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மாத்திரை வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் கீழிருந்து தள்ள, ஒருவாறாக அது அறைக்குள் வந்து சேர்ந்தது.

வெப்சைட்காரப் பெண் எழுந்து நின்றார். சோபாவை ஒரு சுற்று சுற்றினார். குத்தியிருந்த காகிதங்களை எல்லாம் படித்தார். சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு அவர் தொழில் பக்திக்குச் சான்று.

"சார், நான் கேட்ட பக்கம் இது இல்லை. புத்தகத்துல இருக்கும் பாருங்க, பக்கம், அது."

ஸ்பிரிங் ஒருமுறை அவரையும் ஒருமுறை சோபாவையும் பார்த்தார்.

"அப்போ இது?" என்றார் ஸ்பிரிங்.

"இது சோபா."

அதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் வந்தது வந்தாயிற்று என்று, சோபாவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் காட்டினார். வெப்சைட்காரப் பெண் குனிந்து படித்தார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பை அடக்கும் போராட்டம் இல்லை.

"இது அடிப்பகுதி சார். வெப்சைட்லயும் அப்படி ஒண்ணு உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே அது வரும். நீங்க எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அதுவும் கூடவே வரும்."

"எல்லாப் பக்கத்துலயுமா?"

"எல்லாப் பக்கத்துலயும்."

ஸ்பிரிங்குக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சோபாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். அவர் நினைத்தது சரிதான். மனைவிக்குக் கொடுத்த இடம் மூலை இல்லை. எங்கும் நிறைந்த இடம். கடைக்கு வந்தபோது மனைவியும் திரும்பியிருந்தார். கைப்பை இன்னும் தோளில் தொங்க, மிஷின் மேலிருந்த மெத்தைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுட்டேன்" என்றார் ஸ்பிரிங் மூச்சு வாங்க. "அடிப்பக்கம் எல்லாப் பக்கத்துலயும் வருமாம். எங்க போனாலும் நீ இருப்பே."

மனைவி திரும்பினார். "அப்போ எந்தப் பக்கம் போனாலும் நான் கீழேயே இருப்பேனா?"

ஸ்பிரிங் முன்னறையிலிருந்து ஒரு முக்காலியை இழுத்து வந்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னறையில் அவர் உட்காரும் வழக்கமே இல்லை என்பதால் அங்கே அவருக்கென்று இருக்கை எதுவும் கிடையாது.

"போன் வந்துது" என்றார். "நிறைய. எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"துணி, சுருக்கம், ஜிப்... எனக்கு ஒண்ணுமே தெரியலை. ஒரு அம்மா, நீங்க கடைக்குப் புதுசான்னு கேட்டுட்டாங்க."

மனைவியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்."

மனைவி சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கைப்பையை ஆணியில் மாட்டினார். உள்ளேயிருந்த கத்தரிக்கோலை எடுத்து மிஷின் பலகையில் வைத்தார். ஸ்பிரிங் தைத்த மெத்தை உறையைத் தூக்கிப் பிடித்தார். "இது என்ன?"

"பூ."

"தலை எங்க?"

"அந்த மெத்தையில இருக்கு."

மனைவி உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்துக்கொண்டே, "எழுதுங்க" என்றார்.

"என்னது?"

"பிளான். வர்றவங்க என்ன தெரிஞ்சுக்க வருவாங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுதுன்னு அன்னிக்கே சொன்னீங்களே. துணி எவ்வளவு வாங்கணும், அது ஒரு பக்கம். எந்தத் துணி சுருங்கும், எதைப் பூனை கிழிக்காது, அது ஒரு பக்கம். கடைக்கு எடுத்துட்டு வரணுமா, நீங்க வீட்டுக்கு வந்து பார்ப்பீங்களா, எத்தனை நாள் ஆகும், அது ஒரு பக்கம். பார்த்துத்தான் சொல்ல முடியும்னு போடாதீங்க. பார்த்தா என்ன சொல்வீங்களோ அதைப் போடுங்க."

ஸ்பிரிங் மீந்திருந்த பழுப்புக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். "பக்கம்னா புத்தகப் பக்கமாம்" என்றார் எழுதிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல்.

"அப்பவே நினைச்சேன்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க கேட்டீங்க? தூக்கித் தூக்கிக் கவுத்துக்கிட்டு இருந்தீங்க."

கடைசியில் 'எங்களைப் பற்றி' வந்தது. ஸ்பிரிங் தலைப்பை எழுதிவிட்டு நிறுத்தினார். பிறகு தன்னிடம் யாரும் கேட்பதற்கு முன்பாகவே, அடியில் கோடு போட்டு இரண்டு பெயர்கள் எழுதினார். முதலில் மனைவி பெயர். அதற்கடுத்து, பத்திரங்களிலிருந்து வெளியே எடுத்த தன் பெயர். காகிதத்தை மிஷின் பக்கம் திருப்பிக் காட்டினார். மனைவி எட்டிப் பார்த்தார்.

"எழுத்துப் பிழை" என்றார். "என் பேர்ல ஒரு கால் விட்டுட்டீங்க."

இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவர் எழுத நேர்ந்ததே இல்லை போலும். திருத்தினார்.

போன் அடித்தது. மனைவி எடுத்தார். "சொல்லுக்கா... பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு கடை... இல்லக்கா, வரலை... போர்டுலயா, வேண்டாம். இங்க போட்டுட்டாங்க... ஆமா, அவரேதான்... நம்ப மாட்டேன்னா நான் என்ன பண்றது?" இங்கே ஒரு கணம் நிறுத்தி, கணவரைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "அதை விடு. நீ வச்சிருக்கியே மோட்டார் மிஷின், அது எங்க வாங்கினே? ... ஆமா, கால் வலிதான்... அவர்கிட்ட சொல்லிட்டேன். பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காரு, கேட்டுக்கிட்டு இருக்காரு."

ஸ்பிரிங் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கால் வலி அவர் காதுக்கு வந்தது இப்போதுதான்.

பிளான் சோபா இன்னும் மருந்துக் கடை மாடியில்தான் இருக்கிறது. மறுபடி அந்தப் படித் திருப்பத்தில் இறக்குவதற்கு யாருக்கும் துணிவில்லை. வெப்சைட்காரப் பெண் அதற்கு ஒரு துணி போடச் சொல்லி வாங்கிக்கொண்டார். பிளான் இல்லாமல் வருகிறவர்களை அதில் உட்கார வைத்து யோசிக்கச் சொல்கிறார் என்று கேள்வி. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் தன் தொலைநோக்கை எங்காவது சேர்த்திருக்கிறார்களா என்று அவ்வப்போது வெப்சைட்டைத் திறந்து பார்க்கிறார். இதுவரை சேர்க்கவில்லை. முகப்பில் இருப்பது ஒரே ஒரு படம்: பல் டாக்டரின் சோபாவில் இரண்டு மெத்தைகள் சேருமிடம். எங்கே சேருகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு முழுப் பூ.

அதைத் தைத்தவரின் பெயர் படத்துக்கு நேர் கீழே, பெரிய எழுத்தில் இருக்கிறது. வேண்டுமென்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பிரிங்கின் பெயரும் இருக்கிறது. கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்க வேண்டும்.